மலையில்லா ஊரில் மவுண்டன் பைக்: போன தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிவது

மட்டக்களப்பில் மவுண்டன் பைக் ஓட்டுபவனிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "மலை எங்க மனே இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. உண்மையான மலைப்பாதை வேண்டுமென்றால் செங்கலடியில் ஏ5 வீதியைப் பிடித்து, மகாஓயா தாண்டிப் பதுளைப் பக்கம் ஏற வேண்டும். ஆனால் அந்தத் தடித்த ரயருக்கு இங்கேயும் வேலை உண்டு. வாவியைக் கடந்து, அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்கினால் தெரியும்: கிறவல் வீதி, வாய்க்கால் கட்டு, மாட்டுவண்டில் போன மணல் தடம், உழவு இயந்திரம் கிண்டிப் போட்டுக் காய்ந்த சேறு. மெல்லிய ரயர் சைக்கிள் அரைக் கிலோமீட்டர் போவதற்குள் சில்லுப் புதைந்து நின்றுவிடும்.

இந்தப் பாதைகளுக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. வழி கேட்டால், "நேர போய் மருத மரத்தடியால கிறுகி, குளக்கட்டால ஏறி இறங்குங்க" என்பார்கள். எந்த மருத மரம் என்று தெரிந்தவனுக்கு அது போதும். எனக்கு முதல் இரண்டு வருடமும் போதவில்லை. நல்ல பாதை ஒன்று அகப்பட்டால், அடுத்த மாதம் அதே இடத்தைத் தேடி அரை நாள் அலைவேன். அப்படித்தான் போன தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதியும் பழக்கம் வந்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் அடிப்படையிலிருந்து எழுதிவிடுகிறேன். எந்தச் செயலியில் எந்தப் பொத்தானை அமத்துவது என்பது இதில் அதிகம் இருக்காது. பொத்தான்கள் அடிக்கடி இடம் மாறும். பதிவு என்றால் என்ன, அது எந்த இடத்தில் பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டால் எந்தச் செயலியும் கைக்கு வந்துவிடும்.

காது மட்டும் உள்ள கருவி

பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைப்பார்கள். பேச்சு மூச்சு இருக்காது. கேட்டதாகச் சொல்பவர்களும் உண்டு, என்னைப் போலக் குளிரில் நடுங்கியதோடு வந்தவர்களும் உண்டு. ஜிபிஎஸ் கருவி செய்வதும் இதைத்தான். அது வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. மிக மிக மெலிதாக வரும் ஒரு சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

சத்தம் போடுவது செய்மதிகள். அமெரிக்காவின் ஜிபிஎஸ் அமைப்பில் குறைந்தது 24 செய்மதிகள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் 30 அளவில் சுற்றுகின்றன. தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்: நான் இன்னார், இப்போது இன்ன இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் நேரம் இவ்வளவு.

நேரத்தை வைத்துத் தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மாரிகாலத்தில் வாவிக்கு மேலே மின்னல் வெட்டினால், இடி கேட்கும்வரை எண்ணுவோமே, அதே கணக்குத்தான். 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். செய்மதியிலிருந்து வருவது ஒளியின் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். தலைக்கு நேர் மேலே இருக்கும் செய்மதியின் குரல் நம்மிடம் வந்து சேர ஒரு நொடியின் 15இல் ஒரு பங்கு போதும். எப்போது புறப்பட்டது, எப்போது வந்தது என்ற வித்தியாசம் தெரிந்தால் தூரம் தெரியும். ஒரு செய்மதியிலிருந்து தூரம் தெரிந்தால் நாம் அதைச் சுற்றிய ஒரு பெரிய உருண்டையின் மேல் எங்கோ இருக்கிறோம். மூன்றிலிருந்து தெரிந்தால், மூன்று உருண்டைகளும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்று நம் காலடியில் விழும்.

அப்படியானால் நாலாவது எதற்கு? செய்மதியில் இருப்பது அணுக் கடிகாரம். நம் போனில் இருப்பது மலிவான ஒரு குவார்ட்ஸ் துண்டு. நொடியின் 10 இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலே தூரம் 300 மீட்டர் பிழைத்துவிடும். அந்தப் பிழை எவ்வளவு என்று கண்டுபிடித்துத் திருத்தத்தான் நாலாவது செய்மதி. அதனால்தான் "நாலாவது கிடைக்கவேணும்" என்று எல்லா விளக்கங்களிலும் வரும். இப்போதைய போன்கள் ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பதால், வெளியான இடத்தில் 20க்கு மேல் கூடக் காதில் விழும். பேச்சு வழக்கில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஜிபிஎஸ் என்ற பெயரே நின்றுவிட்டது.

முதல் ஜிபிஎஸ் செய்மதி 1978இல் போனது. அமைப்பு முழுதாக வேலைக்கு வந்தது 1995இல். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பித்தான் விட்டார்கள், பிழை 100 மீட்டர் வரை போகும். அந்தக் காலத்தில் கல்லடிப் பாலத்தால் சைக்கிள் ஓட்டிப் பதிந்திருந்தால் கோடு தண்ணீருக்குள்தான் போயிருக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேர் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டாவும் தேவையில்லை, போன் டவரும் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடத்திலும் பதிவு நடக்கும். சிக்னல் போனால் காணாமல் போவது பின்னால் தெரியும் வரைபடம்தான், ஏனென்றால் அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு இருந்திருப்பீர்கள். வெறும் வெள்ளைத் திரையில் நீலப் புள்ளி நின்றாலும் அந்தப் புள்ளி சரியான புள்ளிதான். வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் இந்தப் பயமும் இல்லை. ஓஸ்ம்அண்ட், ஒர்கானிக் மேப்ஸ் என்ற செயலிகள் இரண்டும் அதற்கு நல்லவை.

டேட்டா உதவுவது ஓர் இடத்தில் மட்டும். செய்மதிகள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை வானத்திலிருந்தே கேட்டு எழுதிக்கொள்ள ஒரு செய்மதிக்கு 30 நொடி அளவாவது வேண்டும். டேட்டா இருந்தால் போன் அந்த விவரத்தை இணையத்திலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். ஆகவே வீட்டு வாசலில் டேட்டாவோடு ஒருமுறை இடத்தைப் பிடிக்கவிட்டு, 2 நிமிடம் பொறுத்துப் பதிவைத் தொடங்குங்கள். பொறுக்காதவர்களின் தடங்கள் எல்லாம் முதல் வளைவில் யாரோ ஒருவரின் கூரைக்கு மேலால் போகும்.

கோடு என்று ஒன்று இல்லை

ஓட்டி முடித்துத் திரையைப் பார்த்தால் அழகான சிவப்புக் கோடு தெரியும். கருவி பதிந்தது அந்தக் கோட்டை இல்லை. அது பதிந்தது புள்ளிகளை. இடையில் இழுத்தது செயலி. கோப்பைத் திறந்து ஒரு புள்ளியை மட்டும் எடுத்துப் பார்த்தால் உள்ளே இவ்வளவுதான் இருக்கும்: அகலக்கோடு 7.70512, நெடுங்கோடு 81.66843, உயரம் 4, நேரம் 23:45:10. இப்படி ஆயிரக்கணக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு வகை இதற்கென்றே 2002இல் வந்தது. தடம் பதியும் பெரும்பாலான செயலிகளும் கருவிகளும் அதை வாசிக்கும். வேறு வகைகளும் இருக்கின்றன, ஆனால் யாருக்காவது அனுப்பப்போகிறீர்கள் என்றால் ஜிபிஎக்ஸாகவே எடுத்து அனுப்புங்கள்.

அந்த எண்களைக் கொஞ்சம் பார்ப்போம். புள்ளிக்குப் பிறகு ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். நாம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஒரு பாகை கிட்டத்தட்ட ஒரே அளவு, 110 கிலோமீட்டர் சொச்சம். நான்காவது இலக்கம் மாறினால் 11 மீட்டர், மூன்றாவது மாறினால் 110 மீட்டர். முதலில் அகலக்கோடு, பிறகு நெடுங்கோடு. மாற்றி எழுதினால் மட்டக்களப்பு வாவி வட துருவத்துக்குக் கிட்ட உறைகடலில் போய் நிற்கும். சிரிக்க வேண்டாம், நான் அனுப்பியிருக்கிறேன்.

நேரம் 23:45 என்று இருக்கிறதே, அது என்ன? விடிய 5:15க்குப் புறப்பட்டதுதான். ஜிபிஎக்ஸ் கோப்பு உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே விடிகாலையில் புறப்பட்ட ஓட்டம் கோப்புக்குள் முதல்நாள் இரவாகத் தெரியும். செயலிகள் திரையில் காட்டும்போது திருத்திவிடும். கோப்பை நேராகத் திறந்தால்தான் இந்தக் குழப்பம்.

இனி, எத்தனை நொடிக்கு ஒரு புள்ளி? செட்டிங்கில் இதைக் கேட்பார்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். 10 நொடிக்கு ஒரு புள்ளி வைத்தால் இரண்டு புள்ளிக்கிடையில் 50 மீட்டர். தார் வீதியில் அதனால் ஒரு குறையும் வராது. ஆனால் நம் வயல்வெளியில் கட்டு போகும் விதம் உங்களுக்குத் தெரியும்: 30 மீட்டர் நேரே, வலப்பக்கம் ஒரு முறிப்பு, கொஞ்சம் போய் இடப்பக்கம் இன்னொன்று. 50 மீட்டர் இடைவெளியில் அந்த முறிப்புகள் எல்லாம் விழுங்கப்பட்டு, நீங்கள் விளைந்த நெல்லுக்குள்ளால் குறுக்கே சைக்கிள் விட்டதாகத் தடம் காட்டும். வயற்காரர் பார்த்தால் கதை கந்தல். தூரமும் குறைந்துபோகும். ஒரு நொடிக்கு ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். 4 மணித்தியாலத்துக்கு 14,400 புள்ளி, கோப்பு சில மெகாபைட்; இன்றைய போனுக்கு அது ஒரு பாரமே இல்லை.

பதிவதில் மூன்று சொற்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். தடம் என்பது நீங்கள் போய் வந்தது, நேரத்தோடு சேர்த்து. வழி என்பது இனிப் போக நினைப்பது. அதில் நேரம் இராது. மூன்றாவது குறிப்பிடம்: ஒரே ஒரு புள்ளி, அதற்கு நீங்கள் வைத்த பெயரோடு. பெரும்பாலானவர்கள் தடத்தைப் பதிந்ததோடு நின்றுவிடுவார்கள். என்னைக் கேட்டால் குறிப்பிடத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

(எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் இன்னொரு பொருளும் இருக்கிறது. வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் அதே பெயர்தான். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் ஏறினால் தடம் தண்ணீருக்கு மேலால் போகும், அது பிழையில்லை. மண்முனையில் 2014இல் பாலம் வந்த பிறகு அங்கே அந்தக் கோடு தரையேறிவிட்டது.)

எவ்வளவு நம்பலாம்

வெட்டவெளியில் ஒரு நல்ல போன் 5 மீட்டருக்குள் சொல்லும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அடர்ந்த மரத்தடி, இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம், பெரிய பாறை ஓரம், இங்கெல்லாம் சமிக்ஞை தடைப்படும், அல்லது சுவரில் பட்டுத் தெறித்து வரும். தெறித்து வந்தது கூடுதல் தூரம் ஓடி வந்ததால் கருவியின் கணக்குப் பிழைக்கும். காத்தான்குடிக் கடைத்தெருவில் என் தடம் வீதிக்கு இரு பக்கமும் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தது. வயல்வெளிக்கு வந்ததும் நூல் பிடித்தாற்போல் நேராகிவிட்டது. இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு அதிர்ஷ்டம். வானம் நிறையத் தெரிகிற ஊர்.

உங்கள் கருவியின் பிழை எவ்வளவு என்று அறிய ஒரு சோதனை. விடிய, வாகனம் குறைவான நேரம், கல்லடிப் புதுப் பாலத்தால் இரண்டு முறை போய் இரண்டு முறை வாருங்கள். ஓரத்தை விட்டு விலகாமல் ஓட்டுங்கள். பாலம் நேரானது, நீங்கள் தண்ணீருக்குள் இறங்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், போன இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. வந்த இரண்டும் விழாது. அந்த இடைவெளிதான் உங்கள் கருவியின் குணம். என் பழைய போனில் 9 மீட்டர் வந்தது. கோடுகளில் ஒன்று பாலத்துக்கு வெளியே, வாவியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

நின்றால் இன்னொரு வேடிக்கை. கொக்கட்டிச்சோலையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கால் மணி நேரம் இருந்து வடை சாப்பிட்டேன். தடத்தில் அந்த இடம் சின்னப் பிள்ளை பென்சிலால் கிறுக்கியது போல ஒரு சிக்கலாக இருந்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது, போன் மேசையில் கிடந்தது, ஆனால் ஒவ்வொரு நொடியும் கருவி 2, 3 மீட்டர் தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்திருக்கிறது. அதையெல்லாம் கூட்டி நான் 200 மீட்டர் ஓடியதாகச் சொன்னது. இதற்குத்தான் தானாக இடைநிறுத்தும் வசதி. ஆனால் மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போகும்போது அந்த வசதி நீங்கள் நிற்கிறீர்கள் என்று நினைத்துத் துண்டு துண்டாக விட்டுவிடும். நான் அதை அணைத்துவிட்டு, கடையில் நிற்கும்போது கையால் நிறுத்துகிறேன். சில நேரம் திரும்பத் தொடங்க மறந்துபோவதும் உண்டு.

இரண்டு பேர் சேர்ந்தே ஓட்டி, ஒருவருக்கு 38 கிலோமீட்டரும் மற்றவருக்கு 40உம் காட்டினால் சண்டை பிடிக்க வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்: ஒன்று முறிப்புகளை விழுங்கியிருக்கும், மற்றது கிறுக்கலைக் கூட்டியிருக்கும். தூரம் சரியாக வேண்டுமென்றால் சில்லில் பூட்டும் சென்சர்தான். 29 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் போகும், அதை எண்ணினால் போதும்.

உயரத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்ல இருக்கிறது. தட்டையான ஊரில் ஓட்டிவிட்டு "இன்றைக்கு 310 மீட்டர் ஏறினேன்" என்று படம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாவம், அவர்கள் பொய் சொல்லவில்லை. செய்மதிகள் எல்லாம் நம் தலைக்கு மேலே. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் பக்கவாட்டில் உள்ளதைவிட மேல்கீழ்ப் பிழை எப்போதும் கூட. ஒரு புள்ளியில் 4 மீட்டர், அடுத்ததில் 7, அடுத்ததில் 3. செயலி ஏற்றங்களை மட்டும் பொறுக்கிக் கூட்டினால் நாள் முடிவில் ஒரு மலை சேர்ந்துவிடும்.

சில கருவிகளில் காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்லும் உணரி இருக்கும். இது ஏற்ற இறக்கத்துக்கு நல்லது. கடல்மட்டத்துக்குக் கிட்ட 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், அதைத்தான் அது பார்க்கிறது. ஆனால் வெப்பவலய நாடுகளில் காற்றழுத்தம் காலை 10 மணியளவில் உச்சத்துக்குப் போய், பின்னேரம் 4 மணியளவில் 2, 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும், மழை வெயில் எதுவாக இருந்தாலும் சரி. ஆகவே காலையில் புறப்பட்டு மாலையில் அதே வீட்டு வாசலுக்கு வந்தால், வீடு 20 மீட்டர் உயர்ந்திருப்பதாகக் கருவி சொல்லும். கடன் வாங்கிக் கட்டிய மேல்மாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஒரு விசித்திரம் இருக்கிறது, அது நமக்கென்றே வாய்த்தது. தம்பி ஒருவர் கல்லடிக் கடற்கரையில் நின்று போனைப் பார்த்தார். உயரம் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் மீட்டர். போன் பழுதாகிவிட்டது என்று திருத்தக் கொடுக்கப் புறப்பட்டார். போனில் ஒரு பிழையும் இல்லை. ஜிபிஎஸ் தன் கணக்குக்குப் பூமியை ஒழுங்கான, சற்றே நசுங்கிய ஓர் உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையான கடல்மட்டம் அப்படி ஒழுங்காக இல்லை. ஈர்ப்பு விசை கூடிய இடத்தில் மேடாகவும் குறைந்த இடத்தில் பள்ளமாகவும் இருக்கும். உலகத்திலேயே ஆகப் பெரிய பள்ளம் நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது, அந்த உருண்டையின் மேற்பரப்பிலிருந்து 106 மீட்டர் கீழே. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள். நல்ல செயலிகள் இந்தப் பள்ளத்தைக் கழித்து, கடல்மட்டத்திலிருந்து உயரம் சொல்லும். சில செயலிகள் கழிக்காமல் அப்படியே காட்டும். உங்கள் தடத்தில் மட்டக்களப்பு முழுவதும் கடலுக்கடியில் கிடந்தால் காரணம் இதுதான். செட்டிங்கில் உயரத் திருத்தம் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

போனா, தனிக் கருவியா

தொடங்குவதற்குப் போன் போதும். ஹேண்டில்பாரில் பூட்டும் கார்மின், வஹூ போன்ற கருவிகள் மழைக்கும் குலுக்கலுக்கும் தாங்கும், வெயிலில் திரை தெளிவாகத் தெரியும், ஆனால் விலை ஒரு நல்ல சைக்கிளின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். கையில் பிடிக்கும் கார்மின் இட்ரெக்ஸ் வகைகளில் பல சாதாரண டபுள்ஏ பற்றரி இரண்டில் ஓடும். ஊர்ப் பெட்டிக்கடையில் பற்றரி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது பொத்துவில், பாணமை என்று தூரம் போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

போனில் பதிபவர்களுக்கு வரும் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றுதான்: பாதி வழியில் பதிவு நின்றுவிடும். பற்றரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் தானாகவே பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும். திரை அணைந்து 10 நிமிடத்தில் கதை முடிந்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. நான் முதல்முறை மண்முனைப் பாலத்தால் போய் வவுணதீவால் சுற்றி வந்தபோது கிடைத்தது ஆரையம்பதி வரை ஒரு கோடு, பிறகு வலையிறவுப் பாலத்துக்கு ஒரே நேர்கோடு, வாவிக்குக் குறுக்காக. ஆகவே புறப்படுமுன் போனின் பற்றரி செட்டிங்கில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றிவிடுங்கள். இடத்தை அறியும் அனுமதியையும் எப்போதும் என்று கொடுங்கள்.

பற்றரியைத் தின்பது ஜிபிஎஸ்ஸைவிடத் திரைதான். திரையை அணைத்துப் பையில் வையுங்கள். சிக்னல் இல்லாத பகுதியில் டவரைத் தேடித் தேடியும் போன் களைத்துவிடும். விமான நிலைக்கு மாற்றினால் அது நிற்கும், இப்போதைய போன்களில் ஜிபிஎஸ் தொடர்ந்து வேலை செய்யும். கச்சான் காற்று வீசும் ஆடி வெயிலில் ஹேண்டில்பாரில் கறுப்புப் போனைப் பூட்டினால், சூடு தாங்காமல் தானே அணைந்துவிடும். பையின் மேல்பக்கத்தில், துணிக்குக் கீழே வைத்தால் செய்மதிக்குக் குறைவில்லை. துணியும் பொலித்தீனும் அந்த அலைக்குத் தடையில்லை. உடம்பும் தண்ணீரும் தகரமும்தான் தடை. மணலுக்கும் மழைக்கும் ஒரு சொப்பிங் பை, அதன்மேல் பழைய ரியூப்பை வெட்டிய பட்டி. காசு செலவில்லை.

கோட்டில் இல்லாதது

ஒரு புரட்டாதி மாதம், நானும் நண்பரும் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஒரு வாய்க்கால் கட்டில் போய்க்கொண்டிருந்தோம். வாடியில் இருந்த வயதானவர் கை காட்டி நிறுத்தினார்.

"எங்க மனே போறீங்க ரெண்டு பேரும்?"

"வவுணதீவுக்கு மாமா. இந்தக் கட்டால போகலாமெண்டு போன் காட்டுது."

"போன் காட்டும். அங்கால வாய்க்கால் உடைஞ்சு கிடக்கிறது போனுக்குத் தெரியுமா? தூக்கிக் கடக்க ஏலும், ரெண்டு பேர் வேணும். மறுகா, அந்தப் பத்தைக்குள்ள ராவு ஆனை நிண்டது. நாலு மணிக்குப் பிறகு அதால வராதங்க."

இதில் ஒரு சொல்லையும் எந்தச் செய்மதியும் சொல்லாது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே குறிப்பிடத்தைப் போட்டேன்: "வாய்க்கால் உடைவு, 2 பேர் தேவை". இன்னொன்று: "யானை, மாலை 4க்குப் பிறகு வேண்டாம்". இதுவரை நான் பதிந்த குறிப்பிடங்களில் பெரும்பாலானவை இப்படித்தான்: குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் கிணறு, நாய் துரத்தும் வளவு, யானை வேலிக் கதவு, ரியூப் ஒட்டும் கடை, நிழலுள்ள ஆலமரம். பெயர் வைக்கச் சோம்பல் பட்டு 'குறி 1, குறி 2' என்று விடாதீர்கள். வீட்டுக்கு வந்தபிறகு எது கிணறு, எது நாய் என்று தெரியாது. கை சேறாக இருந்தால் குரலில் சொல்லி வைக்கலாம், அல்லது ஒரு படம் எடுங்கள்; கமராவுக்கு இட அனுமதி கொடுத்திருந்தால் படத்துக்குள் இடமும் நேரமும் பதிந்திருக்கும்.

ஓட்டம் முடிந்ததும் நிறுத்து என்பதை அமத்த மறப்பது எல்லோருக்கும் நடக்கும். ஒருமுறை செயின் அறுந்து, சைக்கிளைப் பட்டா லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்றைய பதிவின்படி என் உச்ச வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். இப்படியான வால்களைக் கணினியில் வெட்டிவிடலாம், பெரும்பாலான செயலிகளிலும் வெட்டும் வசதி இருக்கிறது. வெட்டுமுன் மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

வெட்ட வேண்டிய இன்னொன்று தொடக்கமும் முடிவும். தடம் உங்கள் படலையில் தொடங்குகிறது. எத்தனை மணிக்கு வீட்டில் ஆளில்லை என்றும் சொல்கிறது. ஊரெல்லாம் பார்க்கப் பகிர்கிறீர்கள் என்றால் இரண்டு முனையிலும் சில நூறு மீட்டரை மறைத்துவிடுங்கள். தடங்களைப் பதிந்து பகிரும் செயலியான ஸ்ட்ராவாவில் அதற்கு வசதி உண்டு. அதே ஸ்ட்ராவா 2017 கடைசியில் தன் பயனர்களின் தடங்களையெல்லாம் சேர்த்து ஒளிரும் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில், ஆளில்லாப் பாலைவனங்களின் நடுவே படைமுகாம்களின் உருவம் அதில் தெரிவதை ஒரு மாணவர் கவனித்துச் சொல்ல, பெரிய பரபரப்பானது. ஓடியவர்கள் உடற்பயிற்சிக்குத்தான் ஓடினார்கள். நம் ஊரிலும் முகாம் வேலி, ஒதுக்குக் காடு, பிறர் வயல் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒருவர் இரங்கி விட்ட வரம்பை நாற்பது பேருக்கு வழியாக்குமுன் அவரிடம் ஒரு சொல் கேளுங்கள். குமண தேசியப் பூங்காவுக்குள் நினைத்தபடி சைக்கிளோடு நுழையவும் முடியாது, யாரோ பதிந்த தடம் கிடைத்தாலும்.

எல்லோரும் போகும் பொது வீதி வரைபடத்தில் இல்லையென்றால், 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் தடத்தை வைத்து நீங்களே வரைந்துவிடலாம். குளங்களின் பெயரைத் தமிழில் சேர்க்கவும் அங்கே இடமுண்டு.

அந்தப் புரட்டாதித் தடத்தை நான் அழகாக வெட்டித் திருத்தி, மண்முனை வவுணதீவுச் சுற்று என்று பெயர் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். தை பிறந்து ஒரு கிழமையிருக்கும், களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவரிடமிருந்து காலையில் அழைப்பு வந்தது. பின்னால் தவளைச் சத்தம்.

"அண்ணன், நான் சரியா உங்கட கோட்டுக்கு மேலதான் நிக்கிறன். ஒரு மீட்டர்கூட விலகல்ல."

"பிறகென்ன?"

"முழங்காலுக்கு மேல தண்ணி அண்ணன். கட்டு எங்க கிடக்கெண்டே தெரியல்ல."

பெரும்போக வெள்ளாமைக் காலம், குளம் வான்பாய்கிற மாதம். புரட்டாதியில் தூசி பறந்த கட்டு அது. அன்று பின்னேரமே கோப்பின் பெயரை மாற்றி எல்லோருக்கும் திரும்ப அனுப்பினேன். இப்போது என் கோப்புகளின் பெயரில் மாதம்தான் முதலில் வரும், ஊர் அதற்குப் பிறகு.